கால் சுற்று இறுக்கம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் அம்மா நினைப்பு வந்திருக்குமே. போன கடிதத்தில் எனக்கு நாலு வரி, உன் மகாராணிக்கு ஆறு பக்கம். ஆமாம், பிரித்துத்தான் பார்த்தேன், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. எனக்கு எழுதிய நாலு வரியிலும் மூன்று வரி அவளைச் சீக்கிரம் அனுப்பி வைக்கச் சொல்லி. கல்யாணமாகி எட்டு மாதம் அவளை வைத்துச் சோறு போட்டது நான், கூப்பிட்டுக்கொள்வது நீ, நல்ல நியாயம்தான்.

நீ அனுப்பிய, துணி வெட்டுகிற சக்கரக் கத்தி வந்து சேர்ந்தது. பார்சலில் அவள் பெயர்தான் இருந்தது, இருந்தால் என்ன, இந்த வீட்டில் துண்டுத் துணி சேர்த்துப் போர்வை தைக்க ஆரம்பித்தவள் நான், கத்தி என் டிராயரில்தான் இருக்கிறது. நல்ல சாமான், ஒத்துக்கொள்கிறேன். கத்தரிக்கோலால் அரை நாள் வெட்டுகிற துணியை ஒரு மணி நேரத்தில் வெட்டிவிடுகிறது. ஆனால் தினமும் பார்க்க வேண்டும். நட்டைக் கழற்றி, வாஷரை எடுத்து, பிளேடுக்கும் பிடிக்கும் நடுவே அடைந்து கிடக்கிற பஞ்சுத் தூசியைத் துடைத்து, தையல் மிஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு விட்டு, எந்த வரிசையில் கழற்றினோமோ அதே வரிசையில் மாட்ட வேண்டும். நட்டை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தினால் சக்கரம் தானாக உருளும். ரொம்பத் தளர்ந்தால் ஆடும். இறுக்கமாக விட்டால் உருளாமல் இழுபடும், நூல் நூலாக விட்டுவிட்டு வெட்டும், வெட்டுகிறவள் அழுத்த ஆரம்பிப்பாள். நட்டில் நான் யாரையும் கைவைக்க விட்டதில்லை, அவளை அறவே விட்டதில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, அவள் உன்னிடம் வருவதற்கான விசாவுக்குக் கைரேகை கொடுக்க நாள் குறித்து வந்திருந்தது, வெள்ளிக்கிழமை வரச் சொல்லி. அதைக் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியைக் கொடுத்து, ஆறு மடிப்புத் துணியை நேராக வெட்டு பார்ப்போம் என்றேன். கொடுக்குமுன் அந்தக் கால் சுற்றைத் தளர்த்தாமல் விட்டேன். மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன். கோணல்மாணலாக வெட்டுவாள், நேராக வெட்டக்கூடத் தெரியாதவள் அங்கே வந்து என்ன குடும்பம் நடத்துவாள், இன்னும் ஒரு வருஷம் என்னிடம் பழகட்டும் என்று உனக்கு எழுதலாம் என்று பார்த்தேன். விரலை வெட்டத் திட்டம் போட்டேன் என்று நினைத்துவிடாதே, அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. அவள் அழுத்தினாள், ஓடவில்லை, இன்னும் அழுத்தினாள், கத்தி ஸ்கேல் மேல் ஏறி, அதைப் பிடித்திருந்த இடது ஆள்காட்டி விரலின் நுனியைச் சீவிவிட்டது. நான் முதலில் துணியைத்தான் நகர்த்தினேன், வெள்ளைத் துணி.

வெள்ளிக்கிழமை கட்டோடு போனாள், கூட நானும் போனேன். கவுன்டரில் இருந்தவர் பத்து விரலும் வேண்டும், காயம் ஆறின பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கட்டுப் போடுகிற நர்ஸ் இரண்டு மாதமாவது ஆகும் என்றாள். வரும் வழியில் எனக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என்ன அம்மா இவள் என்று நீ நினைப்பாய். நீ போன பிறகு இந்த வீட்டில் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிடுவது அவளால்தான், அவளும் போனால் ஒரு தட்டு. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை.

நேற்றுப் பகல் மேஜையைத் துடைக்கப் போனவள் அங்கேயே கிடந்த கத்தியில் காய்ந்த ரத்தத்தைப் பார்த்துக் கத்தியைக் கழற்றியிருக்கிறாள், ஒற்றைக் கையால், மடியில் இடுக்கிக்கொண்டு. நான் உள்ளே வந்தபோது நட்டு அவள் உள்ளங்கையில் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் மெதுவாக, "நட்டு ரொம்ப இறுக்கமா இருந்திருக்கு அத்தை. நான்தான் பார்க்காம வெட்டிட்டேன். அவருக்கும் அப்படித்தான் எழுதப் போறேன்" என்றாள். பிறகு துடைத்து, ஆயில் விட்டு, மாட்டி, கால் சுற்று தளர்த்தி என் டிராயரிலேயே வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். நேற்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று வந்த சின்னப் பெண் எனக்குப் பிச்சை போடுகிறாளாம், நான் கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

வேளா வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு திரியாதே, நல்லபடியாக இரு, இரண்டு பேரும் நல்லபடியாக இருங்கள். இந்த வாரமே அவள் கடிதமும் வரும். தன் கவனக்குறைவு என்றுதான் எழுதியிருப்பாள். நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா