முற்றத்துச் சுவரில் இருந்த பெண்

ஆகஸ்ட் 22

அம்மாவின் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. இன்றுதான் முற்றத்தைப் பெருக்கினேன். அத்திமரம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் குடிபோய்விட்டது. அவர்கள் எங்கள் பழத்தைப் பறித்து எனக்கே தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், பிரேயஸ் பட்டணத்தில் என் தையல் கடையை மூடியாயிற்று. ஒரு மாதம் இருந்து அம்மாவின் பெட்டிகளை ஒழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். துவைக்கிற தொட்டிக்கு மேலே சுவரில் அந்த இடம் மட்டும் சிமெண்டாக, வேறு நிறமாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் பார்க்காமலே துவைத்தேன்.

ஆகஸ்ட் 23

துறைமுகத்தில் தம்பி நிகிதாஸ் எதிரே வந்தான். நான் மருந்துக்கடைக்குள் புகுந்துவிட்டேன். எனக்கு ஒரு வியாதியும் இல்லை. வெறுங்கையோடு வெளியே வர வெட்கமாக இருந்ததால் ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கினேன். அவனுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. அப்பா நடப்பதுபோலவே நடக்கிறான்.

நாங்கள் பேசி முப்பத்தெட்டு வருஷம்.

ஆகஸ்ட் 26

எதற்காகச் சண்டை என்று கேட்டால், ஒரு கல்லுக்காக என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த வீட்டைக் கட்டிய தாத்தா, வயலில் கிடைத்த பளிங்குப் பலகை ஒன்றைச் சுவரோடு வைத்துக் கட்டிவிட்டார். இந்தத் தீவில் அப்படிச் செய்யாத வீடு எது? ஒருத்தர் வீட்டு வாசற்படி பழைய கோயில் தூண். இன்னொருத்தர் வீட்டில் ஆடு தண்ணீர் குடிப்பது எந்தப் பிரபுவின் கல் சவப்பெட்டியிலோ. எங்கள் கல்லில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் புடைப்பாகத் தெரிவாள், அவள் எதிரில் ஒரு குட்டைத் தூண். மாதா என்றுதான் எல்லோரும் நம்பினோம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஊரே சுண்ணாம்பு அடிக்கும்போது அம்மா சுவரோடு சேர்த்து அவளுக்கும் அடிப்பாள். "மாதாவுக்கும் புதுத் துணி வேணாமா" என்பாள். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பில் கண்ணும் மூக்கும் மூடிப்போய், பிசைந்த மாவில் பிடித்து வைத்ததுபோல மொழுமொழுவென்று இருப்பாள். எனக்கு அந்த முகம்தான் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதையும் முதல் கடிதம் வந்ததையும் துணி துவைத்துக்கொண்டே அவளிடம்தான் சொன்னேன். ஈரக்கையை அவள் மடியில் துடைத்துக்கொள்வேன்.

இருபது வயதில் தையல் படிக்கப் பிரேயஸ் போனேன். கிறிஸ்துமஸுக்கு வந்தால் சுவரில் ஓட்டை. யார் எடுத்தது என்று கத்தினேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். நிகிதாஸுக்கு அப்போது பதினேழு. "நான்தான் மியூசியத்துல போய்ச் சொன்னேன். சட்டப்படி குடுத்தாகணும்" என்றான். அறைந்துவிட்டேன். அடுத்த கப்பலிலேயே ஏறிப் போனேன்.

கல்லோடு நின்றிருந்தால் ஆறியிருக்கும். அவன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. என் கணவர் இறந்தபோது அவன் வரவில்லை. அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு நாள் வருவேன், அதுவும் அவன் தேன்கூடுகளோடு மலையில் இருக்கும் சமயமாகப் பார்த்து. மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவை அடக்கம் செய்த அன்று, குழிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.

ஆகஸ்ட் 29

இன்று மியூசியத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அந்த வாசலை மிதித்ததில்லை.

வாசலில் நாற்காலி போட்டுத் தெமெலினா குரோஷா பின்னிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரி, இங்கே காவலராக இருபத்தாறு வருஷம் ஆகிறது.

"வாடி அனேசோ. ஊர் உலகமெல்லாம் வந்து பாத்தாச்சு, நீதான் பாக்கி."

"டிக்கெட் குடு."

"உன் வீட்டுக் கல்லைப் பாக்க உனக்கு டிக்கெட்டா? உள்ள போடி."

மொத்தம் இரண்டே அறை. பானைகள், தலையில்லாத பையன் ஒருவன், எண்ணெய் விளக்குகள். இரண்டு சுற்று வந்தும் அவளைக் காணவில்லை.

"எங்கடி வெச்சிருக்கீங்க அவளை?"

"உன் மூக்குக்கு நேரா."

எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுண்ணாம்பையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அவளுக்குக் கண் இருக்கிறது, கூர்மையான மூக்கு இருக்கிறது, காதில் தோடு. அவள் மாதாவும் இல்லை, தனியாகவும் இல்லை. நாங்கள் தூண் என்று நினைத்திருந்தது அவள் எதிரில் நிற்கிற ஒரு சின்னப் பெண். இருவரும் கை பிடித்திருக்கிறார்கள். கீழே அட்டையில், கல்லறைப் பலகை, இறந்தவள் பெயர் பிலீஸ்தா, மகளிடம் விடைபெறுகிறாள் என்று எழுதியிருக்கிறது.

என்னை அறியாமல் கை நீண்டது.

"தொடாதடி, அலாரம் அடிக்கும்."

"இவ மடியில கை தொடச்சவ நான்."

"அதான் அந்த எடம் வெளுக்க மூணு மாசம் ஆச்சாம்."

சிரிக்கத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. இவள் யாரோ. நல்ல அழகி, இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குத் தெரிந்தவளை எங்கே போய்த் தேடுவேன்? "அந்தப் பாவி மட்டும் காட்டிக்குடுக்காம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தேன். தெமெலினா பின்னுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு, பூட்டும் நேரமாகிவிட்டது என்றாள். ஒரு மணிநேரம் மிச்சமிருந்தது.

ஆகஸ்ட் 30

ஏன் அப்படிப் பார்த்தாள்?

செப்டம்பர் 3

கேட்டேவிட்டேன். தெமெலினா முதலில் மழுப்பினாள். பிறகு, "இந்த மாசத்தோட எனக்கு ரிட்டயர்மெண்ட். என்னை யாரு என்ன செய்ய முடியும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து மேஜையில் போட்டாள். பக்கத்தைப் பிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனமுவந்து ஒப்படைத்தவர் என்ற இடத்தில் நிகிதாஸ் இல்லை. அம்மா. "கலியோப்பி" என்று கொட்டை எழுத்தில், கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கி. அம்மாவுக்கு எழுதத் தெரிந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான். தேதி அக்டோபர் 14. நான் கப்பல் ஏறியது அக்டோபர் 8.

செப்டம்பர் 4

ஏம்மா? முப்பத்தஞ்சு வருஷம் உயிரோட இருந்தியே. நான் அவனைத் திட்டுறப்பல்லாம் எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தே. ஒரு வார்த்தை— காபி போடவான்னு கேட்டியே, அதைக் கேட்ட வாயால இதைச் சொல்ல முடியலையா?

பெட்டிகளைத் தொடவில்லை. சாப்பிடவும் இல்லை.

செப்டம்பர் 6

மலைக்குப் போனேன். நிகிதாஸ் முகத்தில் வலை கட்டிக்கொண்டு தேன்கூடுகளுக்கு நடுவே புகை காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"கிட்ட வராத, கொட்டும்."

முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் என் தம்பி என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"பதிவேட்டைப் பாத்தேன்" என்றேன்.

அடுத்த கூட்டுக்குப் புகையைத் திருப்பினான். "தெமெலினாவா?"

"ம்."

வேலையை விடாமலே சொன்னான். நான் போன அந்த வாரம் மியூசியத்துப் பெண் ஒருத்தி வீடு வீடாகக் கல் பார்த்துக்கொண்டு வந்தாளாம். எங்கள் கல்லில் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்து, இது மாதா இல்லை, கல்லறைக் கல், அம்மாவும் மகளும் பிரிகிற காட்சி என்று சொல்லியிருக்கிறாள்.

"அம்மா அப்படியே தொட்டி மேல உக்காந்துட்டா. மகளை அனுப்பி வைக்கிற கல்லுக்கா இத்தன வருஷம் வெள்ளையடிச்சேன், இது வீட்ல இருந்தா அனேசோ திரும்பி வரவே மாட்டாளேன்னு ஒரே புலம்பல். மறுநாள் அவளே போய்க் கையெழுத்துப் போட்டா. நீ வரணும்னுதான் குடுத்தாக்கா."

நான் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அவன் தொடர்ந்தான்.

"நீ வந்தே. எடுத்தவங்க மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்னு கத்தினே. அம்மா நின்ன நிலையைப் பாத்தேன். வேற என்ன சொல்லச் சொல்றே?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேடா."

"அம்மா சொல்வான்னு நான் இருந்தேன். நான் சொல்வேன்னு அவ இருந்திருப்பா. அதுக்குள்ள நீ என் கல்யாணத்துக்கு வரல. எனக்கும் கோவம் இருக்காதா?"

கடைசிவரை முகத்து வலையை அவன் கழற்றவில்லை. அழுதானா என்று தெரியாது. நான் அழுதேன். அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ புறங்கையில் கொட்டியது.

"சொன்னேன்ல" என்றான்.

மன்னிப்புக் கேட்கத்தான் அத்தனை தூரம் ஏறிப் போனேன். கேட்காமலே இறங்கி வந்தேன். என்ன பிறவியோ நான்.

செப்டம்பர் 7

கை வீங்கியிருக்கிறது. ஊசி பிடிக்க முடியவில்லை.

செப்டம்பர் 9

மறுபடி மியூசியம். தெமெலினா தன் நாற்காலியைத் தூக்கிவந்து பிலீஸ்தாவின் முன்னால் போட்டுவிட்டுப் போனாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கல்லில் கிளம்பிப் போகிறவள் மகள் இல்லை. உட்கார்ந்திருக்கிறாளே, அம்மா, அவள்தான் போகிறாள். மகள் இங்கேயே நிற்கிறாள். என் அம்மா பயத்தில் அதை மாற்றிப் புரிந்துகொண்டுவிட்டாள். யாராவது நிதானமாக எடுத்துச் சொல்லியிருந்தால் சுவரில் அவளும் இருந்திருப்பாள், எனக்குத் தம்பியும் இருந்திருப்பான்.

செப்டம்பர் 15

இன்று புனித நிகிதாஸ் திருநாள், அவனுக்குப் பெயர் நாள். பெயர் நாளுக்கு இங்கே யாரும் யாரையும் அழைப்பதில்லை. வாசல் திறந்து கிடக்கும், வருகிறவர் வந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். அழைக்கவில்லை, அதனால் போகவில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் இருந்தது.

காலையிலிருந்து மூன்று உடை மாற்றினேன். மூன்றும் கறுப்பு, கணவர் போனதிலிருந்து வேறு நிறம் உடுத்துவதில்லை. நாலு மணிக்குப் போனேன்.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் திரும்பினார்கள். அவன் மனைவி செர்ரிப் பாகும் தண்ணீரும் வைத்த தட்டோடு அப்படியே நின்றாள். பல்லாண்டு வாழ்க என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "என்னை மன்னிச்சிடுடா" என்றுதான் வந்தது.

அவன் எழுந்து வந்து, வீக்கம் வடிந்துவிட்டதா என்று என் கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு அந்தக் கையை விடாமல் ஒவ்வொருவர் முன்னாலும் கூட்டிக்கொண்டு போனான். "இது எங்க அக்கா" என்றான். அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். ரொட்டிக்கடைக்காரருக்கு என்னைத் தொட்டிலிலிருந்தே தெரியும். இருந்தும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று புதிதாகப் பார்ப்பவர்போல எனக்குக் கைகொடுத்தார்கள். மாலைவரை யார் யாரோ வந்தபடி இருந்தார்கள். ஒருவரிடமும் அவன் சொல்லாமல் விடவில்லை.

கடைசியாகத் தெமெலினா வந்தாள். அவளிடமும் சொன்னான், "இது எங்க அக்கா."

"அப்படியா" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க ஒளிச்சு வெச்சிருந்தே இத்தன வருஷம்?"