மைக் முன்னால் ஒரு நாற்காலி

சென்னை
14.3.83

அன்புள்ள அத்தானுக்கு,

வடிவு வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று டப்பிங்கில் ஒரு வேடிக்கை. ஒரு மாமியாருக்குக் குரல் கொடுத்தேன். எழுதித் தந்த வசனம் முடிந்தும் திரையில் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. நம்ம ஊர் ஆடித்தபசுத் திருவிழா நாடகத்தில் மனம்போல் பேசிய பழக்கம் விடுமா? "ஏட்டி, உலை கொதிக்குது, அங்கன என்ன பராக்கு பாக்குத?" என்று சேர்த்துவிட்டேன். உதட்டசைவு பொருந்தியது. ஆனால் ஒலிப்பதிவில் சத்தம் குறைவாம். மறுபடி அதையே சொல்லச் சொன்னார்கள். ஐந்து தடவையும் ஐந்து விதமாக வந்தது.

"இதுவும் சரியா வரலேன்னா வேற ஆளைப் பாக்கணும்மா" என்றார் டைரக்டர்.

மேடையில் என்றால், முன்வரிசையில் நீங்கள் சிரிப்பதைப் பார்த்துத்தானே பேசுவேன்? இங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தாலும் கேட்காது. எதிரே ஒரு நாற்காலி போடச் சொன்னேன்.

"யாரு வராங்க?" என்று கேட்டார் டைரக்டர்.

"வந்துட்டாவ" என்றேன். அந்தத் தடவை சரியாக வந்தது. படம் முழுக்க அந்த மாமியாருக்கு நானே பேசுகிறேன்.

தொண்டைக்குப் பனங்கற்கண்டு அனுப்புங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் முழுப்பரீட்சை முடிந்ததும், அனுப்பாமல் நீங்களே கொண்டுவந்தாலும் சரிதான். நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை.

ஸ்டுடியோ வேன் வந்துவிட்டது.

உங்கள்
சண்முகவடிவு