அவர் உயிரோடு இருக்கையில்

1934 மார்ச் 3, சனி

காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி. இரண்டு சேலை மட்டும் துவைத்தேன். தபசுகாலம், பருப்பும் கீரையும். தனியாளுக்குச் சமைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை. சோறு மிச்சம்.

மத்தியானம் கலகெதரயிலிருந்து அந்தோனி அண்ணன். கதிரையில் உட்காரும் முன்பே பேச்சு. கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கும் பாக்கியநாதன் என்னைக் கேட்கிறாராம். மனைவி இறந்தவர். புரொட்டஸ்தாந்து சபை. அங்கே விவாகரத்து ஆனவளுக்கும் கல்யாணம் செய்து வைப்பார்களாம்.

"புருஷன் இருக்காரேண்ணே."

"இருக்காரு. எங்க இருக்காரு?"

அண்ணனுக்கே தெரியும். கொழும்பில், பைத்திய ஆஸ்பத்திரியில். ஐந்து வருடமாக.

மார்ச் 5, திங்கள்

வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருமல். சாக்கட்டி கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணனோடு பிரக்கிராசியார் வீட்டுக்கு, கோர்ட்டில் கேஸ் போடுவது பற்றிக் கேட்க. விசிறிக்கொண்டே சொன்னார்: "பைத்தியம்னு சொன்னா இந்த நாட்டுச் சட்டத்துல விவாகரத்து கிடைக்காது, டீச்சர். வேணும்னே விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லணும். இப்ப எங்க இருக்காருன்னு தெரியாது, அவ்வளவுதான்."

"தெரியுமே."

"அதான் சொல்லக் கூடாதுங்கறேன்."

வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொல்ல வேண்டுமாம். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 8, வியாழன்

பூசை முடிந்து சுவாமியிடம். "மெய்விவாகத்தை யாராலயும் உடைக்க முடியாது, மகளே. ரெண்டு பேர்ல ஒருத்தர் சாகிற வரைக்கும்."

"எனக்கு முப்பத்தொண்ணு, சாமி."

ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, ஜெபம் பண்ணு என்றார். அவருக்கும் வேறு ஒன்றும் தெரியவில்லை போல. கோபம் வரவில்லை. களைப்புத்தான்.

மார்ச் 11, ஞாயிறு

அண்ணன் பாக்கியநாதனையே கூட்டி வந்துவிட்டார். கையில் மாதுளம்பழம். அதிகம் பேசாத மனிதர். சாப்பிடும்போது மட்டும், "வீட்டுல பேச ஆளில்லாம, கடைக்கு வர்றவங்ககிட்ட சும்மா பேச்சுக் குடுக்குறேன்" என்றார்.

"நானும் பிள்ளைங்ககிட்டதான்" என்றேன். இருவருக்கும் சிரிப்பு.

கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா. அவர் சோறு சாப்பிட்ட கோப்பையை இருட்டும் வரை கழுவவில்லை.

மார்ச் 17, சனி

கொழும்புக்கு ரயில். போய் ஒரு வருடத்துக்கு மேல். சத்தியம் பண்ணுவதற்கு முன் புருஷன் முகத்தைப் பார்த்துவிட நினைத்தேன்.

சவிரிமுத்து மெலிந்துவிட்டார். மொட்டை அடித்திருக்கிறார்கள். வாங்கில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார், மரியாதையாக. என் வெள்ளைச் சேலையைப் பார்த்து, "சிஸ்டர் எந்த ஊரு?"

"கண்டி."

"என் சம்சாரமும் அங்கதான். டீச்சர்." குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட ஒண்ணு சொல்லணும், சிஸ்டர். நானாப் போகல. நாலு பேரு கையப் புடிச்சுக் கூட்டியாந்துட்டாங்க. அவ பள்ளிக்கூடத்துல இருந்தா. சொல்லிட்டு வர முடியல."

"சொல்றேன்."

"மறந்துறாதீங்க. விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சிருவா."

அந்த நாலு பேரை வரச்சொன்னது நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. டாக்டர் சொல்லித்தான் செய்தேன். வேறு வழி இருக்கவில்லை.

திரும்பும் வழியில் கடுகண்ணாவையில் மழை. ஜன்னலை மூடச் சொன்னார்கள். கேட்காதது போல் இருந்தேன்.

மார்ச் 19, திங்கள்

கேஸ் வேண்டாம் என்றேன். அண்ணன் கத்தினார்.

"அவருக்கு ஒன்னய அடையாளமே தெரியலங்குற. யாருக்காக இருக்கப் போற? சாமி சொன்னதுக்காகவா?"

இல்லை. அதற்காக என்றால் சுலபம். அவர் விட்டுப் போகவில்லை. போனார் என்று என்னால் சொல்ல முடியாது.

"இனிமே தனியா இருக்கேன்னு எங்கிட்ட அழாத." தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

இடி, மழை. கோயிலில் பின்னால் இரண்டு பெண்கள்: "பாவம், தாலி இருக்கு, புருஷன் இல்ல." காதில் விழட்டும் என்றே பேசினார்கள்.

காலையில் பாக்கியநாதன் ஆள் அனுப்பியிருந்தார், காத்திருக்கட்டுமா என்று கேட்டு. எதற்குக் காத்திருப்பது? சவிரிமுத்து சாவதற்கு. அப்படி ஒருவரும் காத்திருக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினேன். பிறகு முழந்தாளில் நிற்கையில் என் மனமே கணக்குப் போட்டது: சவிரிமுத்துவுக்கு வயது நாற்பது, இன்னும் எத்தனை வருடமோ. சிலுவையை முத்தி செய்ய எழுந்து போகவில்லை.

ஏப்ரல் 1, பாஸ்கு ஞாயிறு

வெயில். பூசை முடிந்து எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நான் கடைசி. அண்ணன் வரவில்லை. மத்தியானம் நேற்றைய சோறு.

அடுத்த சனி கொழும்பு. அதே வெள்ளைச் சேலை, சிஸ்டராகவே. உங்கள் சம்சாரத்திடம் சொல்லிவிட்டேன், அவள் நம்பினாள் என்று சொல்ல வேண்டும்.