கிருமி மாறிவிட்டது, வாப்பா

என் உயிரான வாப்பாவுக்கு,

உங்கள் மீது ஸலாம். நீங்கள் படுத்திருக்கும் இடத்தை அல்லாஹ் விசாலமாக்கட்டும்.

இந்த வாரம் பள்ளியில் பரிணாமப் பாடம் ஆரம்பித்துவிட்டேன். வருஷா வருஷம் இந்தப் பாடம் வந்தால் நம் வீட்டில் சண்டையும் வந்துவிடும், இல்லையா? நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் வாசலிலிருந்து கேட்பீர்கள். "வாங்க டீச்சர். ஆதம் நபி புள்ளைங்களையெல்லாம் இன்னைக்கும் கொரங்கு புள்ளைங்களாக்கிட்டு வந்தாச்சா?"

குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை, இரண்டுக்கும் பொதுவாக ஒரு மூதாதை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "அந்த மூதாதை தொழுவுமா?" என்பீர்கள். இதற்கு எந்தப் புத்தகத்தில் போய்ப் பதில் தேடுவது? உம்மா உள்ளேயிருந்து, "டீய குடிச்சிட்டு அடிச்சிக்குங்க ரெண்டு பேரும், ஆறிப்போவுது" என்று சத்தம் போடுவார். எனக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும், வாப்பா. உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். நீங்கள் சவூதியிலிருந்து வரும்போதெல்லாம் சாக்லேட் டப்பா நிறைய ஆன்டிபயாடிக் மாத்திரை வரும். நீங்கள் வீட்டோடு வந்த பிறகு தம்பி துபாயிலிருந்து ஆள் மூலம் கொடுத்தனுப்பி அந்த டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தான். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பிஸ்மி சொல்லி இரண்டு எடுத்துக் கொடுப்பீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். அது விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுவீர்கள்.

"முழுசா சாப்பிடணும் வாப்பா, பாதியில நிறுத்தக்கூடாது" என்பேன். "சுகத்த அல்லா குடுத்துட்டான். அதுக்கப்புறமும் மாத்திரைய முழுங்குனா, குடுத்தவன நம்பாத மாதிரி இல்லியா? மீதி வேற யாரு புள்ளைக்காவது ஆவும்" என்பீர்கள். நன்றியையும் தருமத்தையும் ஒரே மாத்திரையில் போட்டு வைத்திருக்கும் மனிதரை எப்படித் திட்டுவது? திட்டினேன்தான். நீங்கள் கேட்டால்தானே.

பிறகு காலில் அந்தப் புண் வந்தது. சர்க்கரை உடம்பு வேறு. ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஜுரம் இறங்கவில்லை. டாக்டர் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எந்த மருந்துக்கும் சாகாத மாதிரி கிருமி மாறிடுச்சும்மா" என்றார். டப்பா மாத்திரையால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், வேறெங்கிருந்தாவது ஒட்டிக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம் என்றார். நான் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. வந்து என்ன ஆகப்போகிறது?

நீங்கள் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் போனதும் கண்ணைத் திறக்காமலே, "கிருமி எப்புடிம்மா மாறும்?" என்றீர்கள். சொன்னேன். கோடிக்கணக்கில் பெருகும்போது ஒன்றிரண்டு கொஞ்சம் வேறு மாதிரி பிறந்துவிடும், மருந்து மற்றதையெல்லாம் கொன்றுவிட்டால் அதற்குத்தான் இடம், அப்புறம் அதன் வம்சம்தான் என்று.

"நீ வருஷா வருஷம் நடத்துறது இதானா?"

"இதான் வாப்பா."

"அப்ப ஒம் பாடம் நெசந்தான்."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் உங்களோடு மல்லுக்கு நின்றேன். அது வந்தபோது எனக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் வாப்பா, ஒத்துக்கொள்ளாதீர்கள், எழுந்து உட்கார்ந்து சண்டை போடுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. நான் அழுவதைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "எல்லாம் மாறும்தான். நானும் மண்ணா மாறப்போறவன்தான். மாறாதவன் ஒருத்தன் இருக்கான், அத மட்டும் நீ இல்லேன்னு சொல்லாத."

நான் எப்போது வாப்பா இல்லை என்று சொன்னேன்? இத்தனை வருஷமும் அந்தப் பயத்தில்தான் என்னோடு சண்டை போட்டீர்களா? மறுநாள் காலையில் கேட்கலாம் என்று விட்டேன். மறுநாள் உங்களுக்குப் பேச்சு இல்லை. கேட்காத அந்தக் கேள்விதான் தினமும் என்னோடு பள்ளிக்கும் வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

உம்மா நன்றாக இருக்கிறார். பக்கத்து வீட்டு மாமி பேரனுக்குக் காய்ச்சல் என்று மாத்திரை கேட்டு வந்தார். "இனிமே இங்க கெடயாது மாமி, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்று உம்மா சொன்னதும் மாமி முகம் சுண்டிவிட்டது. நம்மூரில் அரசலாறு கடலில் சேரும் இடத்தில் மணல் இந்த வருஷம் வேறு பக்கமாகக் குவிந்திருக்கிறது.

நேற்று வகுப்பில் கிருமிகள் மருந்துக்குத் தப்புகிற பகுதி வந்தது. எப்போதும் விறுவிறுவென்று போர்டில் எழுதிப்போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த முறை "எங்க வாப்பாவுக்கு" என்று ஆரம்பித்துவிட்டு, சாக்பீஸைத் தேடுவதுபோல போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். முன் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், உங்க வாப்பா இதையெல்லாம் நம்புனாங்களா?" என்றாள்.

"கடைசியில நம்புனாங்க."

"அப்ப நீங்க ஜெயிச்சிட்டீங்க மிஸ்" என்றாள் சந்தோஷமாக.

கடைசிவரை நம்பாமலே இருந்திருக்கலாமே வாப்பா. என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டு, சுகமாக, இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாமே.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் பாடத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்காமல்தான் நடத்துவேன். ஆனால் எந்தப் பிள்ளையாவது எழுந்து, "எங்க வீட்ல வேற மாதிரி சொல்றாங்க மிஸ்" என்றால், உட்கார் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய் உன் வாப்பாவோடு, உன் அப்பாவோடு நன்றாகச் சண்டை போடு, எதை நினைத்து அப்படிச் சொல்கிறார் என்று அன்றைக்கே கேட்டுவிடு, மறுநாளைக்கு வைக்காதே என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

உங்களிடம் ஒரு தடவையாவது தோற்க ஆசைப்படும்,
உங்கள் மூத்த மகள்