குத்தகை வாழையும் உன் பெயரும்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த புஷ்பம் அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இந்தச் சித்திரையில் குச்சனூர்ப் பக்கம் அடித்த காற்றைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? தார் முற்றும் நேரம். அரை மணி நேரத்தில் உன் குத்தகை வயலில் பாதிக்கு மேல் வாழை சாய்ந்துவிட்டது.

அந்த வயலில் முதன்முதலாகப் பயிரைக் காப்பீடு செய்ய நீ பட்ட பாடு நினைவிருக்கிறதா? சாகுபடி செய்வது யார் என்று காட்டும் அடங்கல், நிலக்காரர் பெயரில்தான் இருந்தது. அப்படியே விட்டால் இழப்பீடும் அவருக்கே போகும். உன் பெயரில் கேட்டால் குத்தகையே போய்விடும் என்று நான் பயந்தேன். பழனிசெட்டிபட்டியில் அவர் வீட்டு வாசல் வரைக்கும் உன்னைத் தடுத்துக்கொண்டே வந்தேன்.

நீ கேட்கவில்லை. "நிலம் உங்களுதுதான்யா. அதுல எனக்குப் பங்கு வேணாம். ஆனா நட்டது நான், காத்தடிச்சா அழப்போறதும் நான். பயிரு எம்பேர்ல இருக்கட்டும்" என்றாய். அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

உனக்குப் பின் உன் மகள் மீனா அந்த வயலை எடுத்தாள். அடங்கலைத் தன் பெயருக்கு வாங்கி, இரண்டு வருடமும் கடைசித் தேதிக்கு முன்பே பிரீமியம் கட்டினாள். காற்றடித்த மறுநாள் காலையிலேயே போனில் தகவல் சொல்லி, படமும் எடுத்து அனுப்பிவிட்டாள். பார்வையிட வந்த அதிகாரி என்னைப் பார்த்து, விவசாயி நீங்கள்தானா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்தாள்.

"நான்தான் சார். எங்க மாமா தொணைக்கு வந்திருக்காக."

அக்கா, அந்த இடத்தில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இழப்பீடு வர மாதங்கள் ஆயின. முழு அறுவடைக்கு அது ஈடில்லை. ஆனாலும் நகையை அடகு வைக்காமல் கன்று வாங்கி, அதே வயலில் மறுபடி நட்டுவிட்டாள். இப்போது நம் தெருவில் குத்தகைக்கு வெள்ளாமை செய்யும் ஐந்து பெண்கள் தங்கள் பெயரில் அடங்கல் வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் உன்னைத்தான் சொல்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தின் நிலக்காரர் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. நாளைக் காலை அவரைப் பார்க்கக் கம்பம் போகிறோம். இந்த முறை நான்தான் பேசப்போகிறேன். ஒரு நடையில் முடியாவிட்டால் பத்து நடை போவேன், அக்கா. அவள் பெயர் ஏறாமல் விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவன்,
தம்பி முருகேசன்