மூன்று செக்கன் மரண அறிவித்தல்

27 ஆகஸ்ட், புதன்

இன்று முழுவதும் கார்ட்டூனுக்கு மின்கம்பம் கீறினேன். பதினான்கு கம்பம். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒட்டியிருக்க வேண்டும் என்பது சுதாகரன் அண்ணையின் சட்டம்: ரியூசன் விளம்பரம், கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி, கிணறு இறைப்பவரின் தொலைபேசி இலக்கம். "வெறுங்கம்பம் கீறினா அது வேற நாடு, யது" என்பார்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "குரங்கு வேலை" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பொய் இல்லை. கிளிநொச்சியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நாங்கள் நான்கு பேர் "கூரைக் குடும்பம்" என்ற கார்ட்டூன் செய்கிறோம். ஞாயிறு மாலை ஆறரைக்குத் தொலைக்காட்சியில் போகிறது. ஒரு வீட்டுக் கூரையில் வசிக்கும் குரங்குக் குடும்பம், கீழே மனிதர் செய்வதையெல்லாம் தானும் செய்து பார்க்கும். போன மாதம் கீழ்வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டுக்கு ஹெலிகொப்டர் வந்தது. அதைப் பார்த்த தாய்க்குரங்கு தன் மகளை மின்விசிறியில் ஏற்றிவிட்டது. அதற்கு முந்தைய வாரம், உதவி செய்யும் யூரியூப்காரர் ஒருவர் குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அழச் சொல்லி மூன்று தரம் திருப்பி எடுத்தார். அந்தப் பகுதிக்குப் பிறகு இரண்டு யூரியூப்காரர் எங்களோடு கோபம். நாங்கள் மனதில் வைத்து எழுதியது மூன்றாவது ஆளை.

கதை சுதாகரன் அண்ணை, பின்னணி நான். பின்னணியில் பகிடி ஒளித்து வைப்பதும் என் பொறுப்பு. "சிரிக்கிறவன் ஒருக்காத்தான் பாப்பான். தேடுறவன் நாலுதரம் பாப்பான்" என்பது அண்ணையின் இன்னொரு சட்டம். ரொறன்ரோவில் இருக்கும் சிவனேஸ்வரிச் சித்தி, அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, ஐந்துதரம் பார்ப்பார். திங்கள்தோறும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தான் கண்டுபிடித்ததைப் பட்டியலாகப் போடுவார். குளிருக்குள் வேறு என்ன செய்வது என்று கேட்டால், இப்போது அங்கே கோடை.

30 ஆகஸ்ட், சனி

சித்திகூடக் கண்டுபிடிக்காத ஒன்று இருக்கிறது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு பகுதியிலும் அப்புத்துரை மாமா இருக்கிறார். அம்மாவின் ஒரே அண்ணன். முதலாம் பகுதியில் தெருக்கோடியில் போகும் அவருடைய லான்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம், பின்னால் பெட்டியோடு. இரண்டாம் பகுதியில் கைப்பிடி உடைந்த அவருடைய குடை. நான்காம் பகுதியில் வாசிகசாலை நன்கொடைப் பலகையில் அவர் பெயர். நாளைய பகுதியோடு ஒன்பது. எண்ணாத ஒன்றும் இருக்கிறது. அதை இங்கேயும் எழுதமாட்டேன்.

எங்கள் வீட்டில் அவர் பெயர் சொல்லக் கூடாது. பதினொரு வருடமாக. காரணம் நான் பெரியபிள்ளையானது. தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் வேண்டும். மாமா இருக்கும் உடையார்கட்டுக்குப் போய், வெற்றிலை வைத்து, நேரில் கூப்பிட்டிருக்க வேண்டும். அம்மா போனில் சொல்லிவிட்டார். கடும் மழை, மாமா வீட்டு ஒழுங்கையிலுள்ள சின்னப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் என்பது அம்மாவின் கதை. "அந்தப் பாலத்தாலதான் நான் கடைக்குப் போனனான், வெள்ளம் இல்லை" என்பது மாமாவின் கதை. அவர் வரவில்லை. யாரோ ஒரு தூரத்து மாமா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே என் தலையில் தண்ணீர் ஊற்றினார். இந்தக் குடும்பத்தைப் பிரித்த வெள்ளத்தின் ஆழத்தை இன்றுவரை ஒருவரும் அளக்கவில்லை.

அதற்கு முன் எனக்கு ஒரு பள்ளி விடுமுறைகூட மாமாவின் லான்ட்மாஸ்டர்ப் பெட்டியில் ஏறாமல் போனதில்லை. அவரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அதுதான் உண்மை. கதைக்க முடியாததைக் கீறிக்கொண்டிருக்கிறேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைய பகுதியில் வயலில் குருவி விரட்டும் வெருளிக்கு மாமாவின் மீசை. அம்மா கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, "இந்த ரீவீயைக் கொஞ்சம் துடைச்சா என்ன?" என்று எழும்பிப் போனார்.

3 செப்டெம்பர், புதன்

பத்தாம் பகுதி செத்தவீடு. குரங்குகள் வடைக்காகப் போய், அழத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். மதிலில் ஒரு மரண அறிவித்தல் ஒட்ட வேண்டும். திரையில் மூன்று செக்கன்தான் தெரியும்.

"பேர் என்ன போட, அண்ணை?"

"உன்ர விருப்பம். உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேர் மட்டும் வேண்டாம்."

கை தானாக எழுதிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். யோசித்துத்தான் எழுதினேன். மாமாவை ஒளிக்க எனக்கு வேறு இடம் மிச்சமில்லை. கோபமும்தான். பதினொரு வருடத்தில் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும்?

பெயர் போட்டால் உறவுமுறையும் போடத்தான் வேண்டும். அது இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் சாவதில்லை. "பரந்தனைப் பிறப்பிடமாகவும் உடையார்கட்டை வதிவிடமாகவும் கொண்ட அப்புத்துரை அவர்கள்... அன்னார் சிவலட்சுமியின் அன்புக் கணவரும், நாகேஸ்வரியின் பாசமிகு சகோதரரும், யதுர்ஷிகாவின் அன்பு மாமாவும் ஆவார்." மாமியின் பெயர், அம்மாவின் பெயர், என் பெயர், மூன்றும் ஒரே இடத்தில். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது 68 என்று குத்துமதிப்பாகப் போட்டேன். மேலே மாலை போட்ட மாமாவின் படம். மிக நன்றாக வந்திருக்கிறது.

7 செப்டெம்பர், ஞாயிறு

அந்த மூன்று செக்கனும் அம்மா கொடியில் உடுப்பு எடுக்கப் போயிருந்தார். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

8 செப்டெம்பர், திங்கள். பஸ்ஸில்

ஐயோ.

சித்தி கண்டுபிடிச்சிட்டா. அறிவித்தலை மட்டும் வெட்டி எடுத்து — குரங்கும் இல்லை, மதிலும் இல்லை — குழுவில போட்டிருக்கிறா. கீழ மூண்டு மஞ்சள் மூஞ்சி. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணீர் வாற மூஞ்சி. எங்கட குழுவில ஆர் எதை வாசிக்கினம்? படத்தில மாலையைக் கண்டாப் போதும். பத்து நிமிசத்தில பதினேழு "ஆழ்ந்த இரங்கல்". பிரான்சில இருந்து ஒருத்தர், "நல்ல மனுசன், போன கிழமைதான் என்னோட கதைச்சவர்" எண்டு. போன கிழமை எங்க கதைச்சவர்?

அம்மா கண்ணாடி போடேல்லை. மஞ்சள் மூஞ்சியில அவாவுக்குக் கண்ணீர் மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.

மாமா குழுவில இல்லை. அவரிட்ட இருக்கிறது பட்டன் போன், அதையும் எடுக்கிறாரில்லை. அப்பாதான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்: "கொம்மா பஸ் ஏறிட்டா. காலில செருப்பும் இல்லை, போனும் இல்லை. நீ ஏதோ கீறினதெண்டு இப்பதான் சித்தி சொல்லுறா. உண்மையோ?"

அடுத்த பஸ்ஸில நான். பரந்தன் தாண்டியாச்சு. அவாவுக்குப் பிரஷர் இருக்கு. ஒண்டும் ஆகக்கூடாது. பகிடியாம் பகிடி. என்ர கையை முறிக்கவேணும்.

9 செப்டெம்பர், செவ்வாய்

இன்று லீவு. நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மாமா வீட்டு ஒழுங்கையில் நான் ஓடும்போதே அழுகை கேட்டது. இரண்டு குரல். வாசலில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். அந்த நெல்லுக்கு நடுவில் அம்மாவும் மாமாவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குளறினார்கள்.

நடந்ததைப் பிறகு மாமி சொன்னார். அம்மா படலைக் கதவடியில் நின்று "என்ர அண்ணை, என்னை விட்டிட்டுப் போட்டியளே" என்று கத்த, நெல் கிளறிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்திருக்கிறார். பதினொரு வருடம் வராத தங்கை வெறுங்காலோடு அழுதுகொண்டு வந்தால் என்ன நினைப்பது? மச்சான் போய்விட்டார், அதாவது என் அப்பா செத்துவிட்டார் என்று முடிவெடுத்து, அவரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழத் தொடங்கியிருக்கிறார். அண்ணன் உயிரோடு எதிரே நிற்பது தெரிந்தும் அம்மாவுக்கு அழுகை நிற்கவில்லை.

"ஆரப்பா செத்தது?" என்று சிவலட்சுமி மாமி மூன்றுதரம் கேட்டாராம்.

"இவர்தான்" என்று அம்மா மாமாவைக் காட்டினாராம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குரங்கு, வடை, மதில், மஞ்சள் மூஞ்சி. மாமா என் போனை வாங்கி, கையை எட்ட நீட்டிப் பிடித்து வாசித்தார்.

"அறுபத்தெட்டோ? எனக்கு அறுபத்திமூண்டு."

"தெரியாமப் போச்சு, மாமா."

"சாக்காட்டிறதெண்டாலும் வயசைக் கேட்டுச் செய்யிறேல்லையே, பிள்ளை?"

பிறகு கீழே வாசித்தார். உறவுமுறைக்கு வந்ததும் நின்றார். திரும்ப வாசித்தார். உதடு அசைந்தது.

"இந்தப் பாசமிகு சகோதரர்... இதை ஆர் எழுதச் சொன்னது?"

நான் வாயைத் திறக்கமுன் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான்தான்" என்றார். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

"என்னைச் சாக்காட்டச் சொன்னியோ?"

"சாக்காட்டச் சொல்லேல்லை. எழுதிறதெண்டா முறையைச் சரியா எழுது எண்டனான்."

மாமா போனைத் தன் சாரத்தில் துடைத்துத் தந்தார். மாமி தேத்தண்ணி போடப் போனார்.

அதோடு முடிந்திருக்கலாம். தேத்தண்ணி ஆறுவதற்குள் பாலம் வந்துவிட்டது. "முழங்கால் வெள்ளம்" என்றார் அம்மா. "மண்ணாங்கட்டி வெள்ளம்" என்றார் மாமா. "நான் என்ர அண்ணையின்ர செத்தவீட்டுக்கு வந்தனான். ஆள் இருக்கிறார். பிறகேன் நிப்பான்?" என்று அம்மா எழும்பிவிட்டார். மாமி ஓடி வந்து தன் செருப்பை அம்மாவின் காலடியில் போட்டார். மாமா படலைவரை வந்தார். "இனி வா" என்று அவர் சொல்லவில்லை. "வாங்கோ" என்று அம்மாவும் சொல்லவில்லை. பஸ்ஸில் நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

12 செப்டெம்பர், வெள்ளி

சுதாகரன் அண்ணை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்புக்கு அறிவித்தலை அழிக்கச் சொல்லிவிட்டார்களாம். "இனி எழுத்து உனக்கில்லை, யது. நீ இலை கீறு" என்றார்.

சித்தி குழுவில் மன்னிப்புக் கேட்டார். பழக்கதோஷத்தில் அதற்கும் அதே மஞ்சள் மூஞ்சி.

14 செப்டெம்பர், ஞாயிறு

212 இலை. அம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

28 செப்டெம்பர், ஞாயிறு

மத்தியானம் குசினியில் சத்தமில்லை என்று எட்டிப் பார்த்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, என் பழைய போனில் "கூரைக் குடும்பம்" இரண்டாம் பகுதியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு அடிப்பிடித்துவிட்டது.

"இந்தக் குடை அண்ணையின்ர தானே?"

மூன்று வாரத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை. அண்ணை என்ற சொல்லும் இந்த வீட்டில் பதினொரு வருடத்துக்குப் பிறகு.

"ஓம் அம்மா."

"எத்தினை ஒளிச்சனி?"

"ஒன்பது."

"ஏழு கண்டுட்டன். மிச்சத்தைச் சொல்லாதை."

9 ஒக்டோபர், வியாழன்

ஒன்பதையும் கண்டுபிடித்துவிட்டார். வெருளியின் மீசைக்கு மட்டும் ஆட்சேபணை: "அண்ணைக்கு இவ்வளவு அடர்த்தி இல்லை." மாமியின் செருப்பு கழுவிக் காய்ந்து வாசலில் இருக்கிறது. கொடுத்துவிட எத்தனையோ பேர் அந்தப் பக்கம் போய்வருகிறார்கள். அம்மா ஒருவரிடமும் கொடுக்கிறார் இல்லை.

22 ஒக்டோபர், புதன்

நேற்றிலிருந்து விடாத மழை. காலையில் அம்மா நல்ல சேலை கட்டி, தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம் எடுத்து வைத்தார். செருப்பைப் பொலித்தீன் பையில் சுற்றினார்.

"எங்கை அம்மா?"

"உடையார்கட்டுக்கு. ஞாயிறு கடைசிப் பகுதி எண்டாய். அண்ணையையும் அண்ணியையும் படம் பாக்கக் கூப்பிடவேணும்."

"இந்த மழைக்கோ? போனில சொல்லுங்கோவன்."

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதமாட்டேன்.

"கார்ட்டூன் பாக்க வெத்திலை வைச்சுக் கூப்பிட்ட ஆள் உலகத்தில நீ ஒருத்திதான்" என்றார் அப்பா, கதிரையை விட்டு எழும்பாமல். குடையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

பதினொன்றரைக்கு ஒரு படம் வந்தது. அம்மா தன் வாழ்நாளில் எடுத்து அனுப்பிய முதல் படம். பாலம். அதற்கு மேலால் கலங்கல் தண்ணீர். ஓரத்தில் அவருடைய பெருவிரல். எழுத்து ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் அதே போனிலிருந்து ஒரு குரல்பதிவு. மாமாவின் குரல்: "மருமகள், நானும் போய் நிண்டு பாத்திட்டன். கணுக்கால் நனையேல்லை. இதைத்தான் கொம்மா வெள்ளம் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவ." பின்னாலிருந்து அம்மா: "அண்டைக்கு முழங்கால் அளவு! இது இண்டைக்கு!" பிறகு மாமி: "சாப்பிட்டிட்டுச் சண்டை பிடியுங்கோ."

26 ஒக்டோபர், ஞாயிறு

ஆறரைப் படத்துக்கு மாமா நான்கு மணிக்கே வந்துவிட்டார், லான்ட்மாஸ்டரில், மாமியைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு. பஸ் இருக்கிறதே என்றால், "பஸ்ஸில வந்தா ஊருக்குத் தெரியாது" என்றார்.

அம்மா அவரை முன்கதிரையில் இருத்தி, ஒவ்வொரு பகுதியாகப் போட்டு ஒன்பதையும் காட்டினார். குடை, பலகை, மீசை. மீசைக்கு மாமா ஆட்சேபிக்கவில்லை. முதலாம் பகுதியின் லான்ட்மாஸ்டரை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். பிறகு இன்னொருதரம்.

"பெட்டிக்குள்ள ஒரு குட்டிக் குரங்கு இருக்கு. ரெட்டைப் பின்னல். வெள்ளை ரிபன்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. சித்திக்கும் தெரியாது. அம்மா குரங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். 

மாமா சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். "வா பிள்ளை, ஒரு சுத்துப் போட்டு வருவம்."

"படம் தொடங்கப்போகுது" என்றார் அம்மா.

"அது திரும்பப் போடுவாங்கள்."

ஆறரைக்குக் கடைசிப் பகுதி போனது. நான் பார்க்கவில்லை. பரந்தன் சந்தியில், நெல் மணக்கும் பெட்டிக்குள், இருபத்துநான்கு வயதில், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் வந்த பஸ்காரன் விலகச் சொல்லி ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தான்.