முகரக் கூடாத மல்லிகை

என்னங்க,

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் வேறு எப்படிக் கூப்பிடுவது? கிள்ளானில் நம் பூக்கடை ஓடுகிறது. பூ லோரி இப்போதும் தாமதம்தான். லோரிக்காரரோடு நீங்கள் போடும் சண்டையை இப்போது நான் போடுகிறேன்.

போன வாரம் கிளினிக்குக்குப் போனேன். உங்களுக்கு இருந்த இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, எனக்கும் வந்து சில வருடங்கள் ஆகிறதே, அதற்கான செக்கப்தான். கடைசிக் காலத்தில் எதைச் சமைத்தாலும் ருசியில்லை என்று நீங்கள் தட்டைத் தள்ளியதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். டாக்டர் பெண்ணுக்கு நம் மகள் மீனா வயதுதான் இருக்கும். மருந்து எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிளுக்கு வாசனை தெரிஞ்சிச்சா ஆன்டி? இனிப்பு நீர் ரொம்ப நாள் இருந்தா நரம்பெல்லாம் கெடும்ல, சிலருக்கு மூக்கும் மந்தமாயிடும். எல்லாருக்கும் இல்ல, வேற காரணமும் இருக்கலாம். ஆனா கேட்டுப் பார்க்கணும்."

நாம் எங்கே கேட்டோம்? சாமிக்குப் போகிற பூவை முகரக் கூடாது என்று முகத்தைத் தள்ளி வைத்தே மாலை கட்டியவர் நீங்கள். யாராவது மல்லிகையை மூக்கருகே கொண்டுபோனால் போதும், "அக்கா, இனி அது சாமிக்கு ஆகாது லா, நீங்களே வெச்சுக்குங்க" என்று கையில் கொடுத்துவிடுவீர்கள். ஒருநாள், கடையில் மணமே வரவில்லை என்றீர்கள். பூவோடு கிடந்து மூக்கு பழகிப்போச்சு என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த கேஸ் நாள் நினைவிருக்கிறதா? கோயிலிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் கேஸ் நாற்றம். அடுப்பு அணைந்து கிடக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து நீங்கள் பேப்பர் படிக்கிறீர்கள். ஓடிப்போய் கேஸை மூடி ஜன்னலைத் திறந்தேன்.

"ஏன் புள்ள திறக்கிற, மழை உள்ள அடிக்குது லா."

மீனா வந்து, அப்பாவுக்குக் கவனமே இல்லை என்று திட்டினாள். நீங்கள் தலை குனிந்தீர்கள். அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. கவனக்குறைவு இல்லைங்க அது. உங்களுக்குத் தெரியவே இல்லை. மீனாவிடம் சொன்னேன், போனிலேயே அழுதாள்.

இப்போது அவள் பயமெல்லாம் என் மேல். "தனியா இருக்காதீங்கம்மா, கடைய விட்டுட்டு செமினிக்கு எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்கிறாள். எனக்கு நம் வீடும் வேண்டும், கடையும் வேண்டும். மூக்கு நன்றாக இருக்கும்வரை இங்கேயே இருப்பேன் என்று அவளிடம் பேசி முடித்திருக்கிறேன். அவளும் விடவில்லை, கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை அடுப்படியில் மாட்டிவிட்டுத்தான் போனாள்.

அதனால் தினமும் காலையில் கட்ட உட்காரும் முன், கூடையிலிருந்து ஒரே ஒரு மல்லிகையை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். முதல் நாள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முகர்ந்தேன். நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இன்று நன்றாகவே மணந்தது.

ஒரு வாக்குத் தருகிறேன். மணம் தெரியாத நாள் வந்தால், மூக்கு பழகிப்போச்சு என்று சிரிக்க மாட்டேன். அன்றைக்கே மீனாவிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுவேன். அதுவரை உங்களுக்கும் சேர்த்து நானே முகர்ந்துகொள்கிறேன். முகர்ந்த பூ சாமிக்கு ஆகாதே, அதைக் கொண்டுபோய் உங்கள் படத்துக்கு வைத்துவிடுகிறேன்.

உங்கள் மனைவி,
சரசு